நுரை எழாத மூன்று நாள்

ப்ர்னோவில் கடல் இல்லை.
எந்தத் திசையில் கிளம்பினாலும்
ஒரு பகல் முழுக்க வண்டி ஓட்ட வேண்டும்.
ஏழாம் மாடியில்
எங்கள் சமையலறைச் சுவரை ஒட்டி
முந்நூறு லிட்டர் இருக்கிறது.
உப்பு வாளியில் வந்தது,
தண்ணீர் குழாயில் வந்தது,
கடனும் கொஞ்சம் வந்தது.

தொட்டிக்குக் கீழே, அலமாரி இருட்டில்,
இரவும் பகலும் மூச்சுவாங்கும் ஸ்கிம்மர்.
மீனின் கழிவு, தின்னாத தீனி,
கண்ணுக்குப் படாத கொழகொழப்பு எல்லாம்
குமிழியில் ஒட்டிக்கொண்டு
கழுத்து வழியே ஏறி
கிண்ணத்தில் வழியும்.
நல்ல நாளில் கறுப்புத் தேநீர் நிறம்.
அந்த நாற்றத்தை ரதிம்
விருந்தாளிகளுக்கு மோந்து பார்க்கத் தருவான்.

செவ்வாய்க்கிழமை கிண்ணம் காய்ந்து கிடந்தது.

டிராம் பணிமனையில் எட்டு மணி நேரம்
பிரேக் பார்த்துவிட்டு வந்தவன்
சட்டைகூட மாற்றாமல்
குப்புறப் படுத்துத் தலையை உள்ளே விட்டான்.
முதலில் காற்றுக்குழாய்.
நுனியில் உப்பு பூத்திருந்தது.
வெந்நீரில் முக்கி, ஊதி,
காதில் வைத்துக் கேட்டான். இழுக்கிறது.
பிறகு பம்பு.
சுழலியின் ஊசிகளுக்கு நடுவே
மிளகளவு நத்தை ஒன்று. அதனிடம் மன்னிப்புக் கேட்டான்.
வெள்ளரிக்காய் ஊறுகாய்க்கு வைத்திருந்த என் வினிகரில்
பம்பு ஓர் இரவு ஊறியது.
கழுத்தின் பிசுக்கைத் தேய்த்த பிரஷ் யாருடையது
என்று நான் கேட்கவில்லை.

புதன்: மாட்டினான். சோடா மாதிரி குமிழி,
ஏறுகிறது, கழுத்துக்கு வருமுன் உடைகிறது.
தண்ணீர் மட்டத்தை ஒரு விரற்கடை உயர்த்தினான்.
இன்னொரு விரற்கடை.

வியாழன்: “அது குடிப்பது வீட்டுக் காற்றைத்தான்,
கீழ்வீட்டில் பெயின்ட் அடிக்கிறார்களோ?”
வீட்டுச் செருப்போடு இறங்கிப் போய்
குபீச்கோவா அம்மாளின் கதவைத் தட்டினான்.
அவள் காளான் வதக்கிக்கொண்டிருந்தாள்.
ஒரு தட்டு கொடுத்தனுப்பினாள்.

காளான் ஆறிக்கொண்டிருக்க
கையை விரித்தான் ரதிம்.

அவன் கையைப் பார்த்தேன்.
பிறகு என் கையை.

டயாலிசிஸ் பிரிவில் ஒரு ஷிப்டுக்கு
நாற்பது தடவை கை கழுவுகிறேன்.
குளிர்காலத்தில் விரல்கள் பாளம் பாளமாக வெடிக்கும்.
திங்கள் நள்ளிரவு வீடு வந்து
கெட்டியாகக் கிரீம் பூசியபின்தான் கவனித்தேன்:
பச்சைப் பவளம் ஒன்று முகங்குப்புறக் கிடந்தது.
முழங்கை வரை விட்டு நிமிர்த்தி வைத்தேன்.
என் கைராசியை நானே மெச்சிக்கொண்டு தூங்கினேன்.

சொல்லாமலே இருந்திருக்கலாம்.
எண்ணெய் நாலு நாளில் தானே போயிருக்கும்,
அவனும் வினிகரைப் புகழ்ந்திருப்பான்.
சொன்னேன்.
வெகுநேரம் பேசவில்லை.
“அது தானாகவே எழுந்து நின்றது என்று நினைத்தேன்,”
என்றான் கடைசியில்,
ஏதோ ஏமாற்றத்தோடு.

வெள்ளி விடியல் நாலரை மணி.
சத்தம் கேட்டு ஓடினோம்.
உயர்த்திய மட்டத்தை இறக்க மறந்திருந்தான்.
மூன்று நாள் அடங்கிக் கிடந்த நுரை
கிண்ணம் நிரம்பி, மூடியைத் தள்ளி,
அலமாரிக் கதவிடுக்கில் பொங்கி
தரையெங்கும் நடந்துகொண்டிருந்தது.
அவன் சிரித்தான். பிளக்கைப் பிடுங்கவே தோன்றவில்லை.

இருந்த துண்டையெல்லாம் போட்டுப் பிழிந்தோம்.
அன்றிரவு நான் கிரீம் பூசியிருக்கவில்லை.
ஒவ்வொரு வெடிப்பையும்
பெயர் சொல்லிக் கூப்பிட்டது உப்பு.

“கையுறை வாங்கி வைக்கக் கூடாதா?” என்றேன்.
“அலமாரியில் இருக்கிறது,” என்றான்,
“இரண்டு வருடமாக.”